ஜூலை 8: களத்தில் இல்லாதவர்கள்

கால்பந்து வரலாற்றில் மறக்க முடியாத தேதி எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் ஜூன் 22 என்பார்கள். 1986இல் மெக்ஸிகோ நகரில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒரு கோலும் காலால் ஒரு கோலும் போட்ட நாள் அது. எனக்கு அந்தத் தேதியின் மீது எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அதன் பெருமை ஒரே ஆட்டத்தையும் ஒரே மனிதரையும் சார்ந்து நிற்கிறது. ஜூலை 8 அப்படியல்ல. 1982, 1990, 1998, 2006, 2014 என்று எட்டாண்டுகளுக்கு ஒருமுறை, ஐந்து உலகக் கோப்பைகளில், இந்தத் தேதியில் ஏதோ ஓர் ஆட்டம் நடந்திருக்கிறது. அவற்றுள் நான்கில் ஜெர்மனி ஆடியது, நான்கிலும் அதுவே வென்றது. கத்தாரின் வெயிலுக்கு அஞ்சி 2022ஆம் ஆண்டுப் போட்டியை நவம்பர், டிசம்பர் மாதங்களுக்குத் தள்ளி வைத்ததால் அந்தச் சங்கிலி அறுந்தது.

எட்டாண்டுக் கணக்கு நாட்காட்டி செய்த தற்செயல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. ஏறத்தாழ ஒவ்வொன்றிலும், களத்தில் இருந்திருக்க வேண்டிய ஒருவர் களத்தில் இல்லை. காயம், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எனக் காரணம் மாறுகிறதே தவிர, அந்த வெற்றிடம் மாறுவதில்லை.

முதலாவது, 1982. ஸ்பெயினின் செவில் நகரில், சான்செஸ் பிஸ்குவான் அரங்கில், மேற்கு ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் இடையே அரையிறுதி. அன்று மாலையிலேயே பார்சிலோனாவில் நடந்த மற்றோர் அரையிறுதியில் பாவ்லோ ரோஸி இரண்டு கோல் போட்டுப் போலந்தை வீழ்த்தி, இத்தாலியை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பியிருந்தார். வேறெந்த நாளாக இருந்தாலும் அதுவே பெரிய செய்தியாகியிருக்கும். பிரான்ஸ் அணியின் நடுக்களத்தில் பிளாட்டினி, ஜிரேஸ், டிகானா, ஜெங்கினி என்று நால்வர். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு எதிரணியை ஓடவைப்பதில் அன்றைய ஐரோப்பாவில் அவர்களுக்கு நிகரானவர்கள் அரிது. 17ஆவது நிமிடத்தில் லிட்பார்ஸ்கி ஜெர்மனிக்கு ஒரு கோல் போட்டார். பத்து நிமிடம் கழித்துப் பிளாட்டினி பெனால்டியில் சமன் செய்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் ஜெங்கினிக்குப் பதிலாக பாட்ரிக் பாட்டிஸ்டன் உள்ளே வந்தார். அவர் களத்தில் இருந்தது சுமார் பத்து நிமிடம்தான். பிளாட்டினி நடுக்களத்திலிருந்து தூக்கி அனுப்பிய பந்து ஜெர்மானியத் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி விழுந்தது. பாட்டிஸ்டன் அதை நோக்கி ஓடினார். கோல்கீப்பர் ஹரால்ட் ஷூமாக்கர் எதிரே பாய்ந்து வந்தார். பாட்டிஸ்டன் முந்திக்கொண்டு உதைத்துவிட்டார், பந்தும் கம்பத்தை ஒட்டி வெளியே போய்விட்டது. அதன் பிறகுதான் ஷூமாக்கரின் உடல் அவர் மீது மோதியது. பந்துக்காக அவர் வந்திருந்தால் கைகள் பந்தை நோக்கி நீண்டிருக்கும். அவரோ காற்றில் பக்கவாட்டில் திரும்பி, இடுப்பை முன்னே கொடுத்து, எதிரே வந்தவரின் முகத்தில் இடித்தார். பாட்டிஸ்டன் சுயநினைவின்றித் தரையில் விழுந்தார். இரண்டு பற்கள் போயின, விலா எலும்புகளில் விரிசல், முதுகெலும்பிலும் காயம். நாடித்துடிப்பே தெரியவில்லை, இறந்துவிட்டார் என்றே நினைத்தேன் என்று பிளாட்டினி பின்னாளில் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது, தொங்கிக்கொண்டிருந்த நண்பனின் கையைப் பற்றியபடி அவர் கூடவே நடந்து போனதை அந்தக் காட்சியைப் பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நெதர்லாந்து நடுவர் சார்ல்ஸ் கோர்வர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. கோல் கிக் என்று கைகாட்டினார். ஷூமாக்கர் பந்தை வைத்துக்கொண்டு, எப்போது உதைக்கலாம் என்பதுபோல் பொறுமையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

இந்தச் சம்பவத்தைப் பேசுகிறவர்கள் எல்லாரும் கொடுக்கப்படாத சிவப்பு அட்டையைப் பற்றிப் பேசுகிறார்கள். அது நியாயமானதுதான். ஆனால் ஆட்டத்தை உண்மையில் சாய்த்தது வேறொரு கணக்கு என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு இரண்டு மாற்று ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே அனுமதி. ஜெங்கினிக்குப் பதில் பாட்டிஸ்டன், பாட்டிஸ்டனுக்குப் பதில் கிறிஸ்டியான் லோபஸ் என்று பிரான்ஸின் இரண்டு வாய்ப்புகளும் ஒரு மணி நேர ஆட்டத்துக்குள் தீர்ந்துவிட்டன. நடுக்களத்தில் ஆடவேண்டியவரின் இடத்தில் கடைசியில் ஒரு தடுப்பாட்டக்காரர் நின்றார். செவிலின் கோடை இரவு, அதற்கு மேல் அரைமணி நேரக் கூடுதல் ஆட்டம், மாற்றுவதற்கு ஆளில்லை. ஜெர்மனியோ 73ஆவது நிமிடத்தில் நெட்டை ஹ்ரூபெஷை இறக்கியது. தொடைத் தசைப்பிடிப்பால் வெளியே அமர்ந்திருந்த கேப்டன் ரும்மனிகேயைக் கூடுதல் நேரத்துக்கென்றே கையில் வைத்திருந்தது.

தொண்ணூறாவது நிமிடத்தில் அமோரோஸ் தொலைவிலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. கூடுதல் நேரம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் ட்ரெஸோர் அந்தரத்திலேயே உதைத்து ஒரு கோல். 98ஆவது நிமிடத்தில் ஜிரேஸ் இன்னொரு கோல். மூன்றுக்கு ஒன்று. கைகளை விரித்துக்கொண்டு, தலையை ஆட்டியபடி ஜிரேஸ் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் பிரான்ஸ் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது என்றே நம்பியிருப்பார்கள். வேறோர் அணியாக இருந்தால் பின்வாங்கி, பந்தை அரங்கத்துக்கு வெளியே உதைத்துக்கொண்டிருந்திருக்கும். பிரான்ஸ் அப்போதும் தாக்கியே ஆடியது. அதை முட்டாள்தனம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கு அந்த அணியைப் பிடித்துப்போனதே அதனால்தான். கோலுக்குச் சற்று முன்பு உள்ளே வந்திருந்த ரும்மனிகே 102ஆவது நிமிடத்தில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். 108ஆவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் தலையால் தட்டிக் கொடுத்த பந்தை, கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற கிளாவ்ஸ் ஃபிஷர் அந்தரத்தில் மல்லாந்து உதைத்து மூன்றுக்கு மூன்று ஆக்கினார். அன்று உள்ளே வந்த இரண்டு மாற்று ஆட்டக்காரர்களும் இந்த மீட்சியில் இருந்தார்கள். பிரான்ஸின் மாற்று ஆட்டக்காரர் மருத்துவமனையில் இருந்தார்.

சமனில் முடிந்த ஆட்டத்தை இரு அணிகளும் மாறி மாறி பெனால்டி உதைத்துத் தீர்மானிக்கும் பெனால்டி ஷூட் அவுட், உலகக் கோப்பை வரலாற்றிலேயே முதன்முதலாக அன்றுதான் நடந்தது. ஜெர்மனியின் ஷ்டீலிகே முதலில் தவறவிட்டு, தரையில் மடங்கி அழுதார். லிட்பார்ஸ்கி போய் அவரை அணைத்துத் தேற்றினார். அடுத்து வந்த டிடியே சிக்ஸின் உதையை ஷூமாக்கர் தடுத்தார். பிறகு போஸிஸின் உதையையும் தடுத்தார். ஹ்ரூபெஷ் நிதானமாக நடந்து வந்து முடித்துவைத்தார், ஐந்துக்கு நான்கு. களத்திலேயே இருந்திருக்கக் கூடாத ஒருவர் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார் என்பதை பிரெஞ்சுக்காரர்களால் எப்படி மன்னிக்க முடியும்? பாட்டிஸ்டனின் பற்கள் போன செய்தியைச் சொன்னபோது, அவ்வளவுதான் பிரச்சினை என்றால் பல் கட்டும் செலவை நானே தருகிறேன் என்றார் ஷூமாக்கர். விவகாரம் பெரிதாகி, ஜெர்மனியின் ஹெல்முட் ஷ்மிட்டும் பிரான்ஸின் மித்தரானும் சேர்ந்து அறிக்கை விடும் அளவுக்குப் போனது. பின்னர் ஷூமாக்கர் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார், பாட்டிஸ்டனும் ஏற்றுக்கொண்டார். இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி இத்தாலியிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து குவாதலஹாராவில் இதே இரு அணிகளும் மீண்டும் அரையிறுதியில் மோதின. ஷூமாக்கர், பாட்டிஸ்டன் இருவரும் களத்தில் இருந்தார்கள். மீண்டும் ஜெர்மனிதான் வென்றது.

1990ஆம் ஆண்டு ஜூலை 8, ரோம் நகரின் ஒலிம்பிக் அரங்கில் இறுதி ஆட்டம். மேற்கு ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். இதைவிட மோசமான இறுதி ஆட்டம் உலகக் கோப்பையில் நடந்ததில்லை என்று பலரும் சொல்வதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் அர்ஜென்டினாவின் கோழைத்தனம் மட்டும் என்பதை ஏற்க மாட்டேன். கனிஜியா, ஓலர்டிகோசேயா, பாடிஸ்டா, ஜியுஸ்தி ஆகிய நால்வர் தடையால் ஆட முடியவில்லை. இவர்களுள் கனிஜியாவின் கதைதான் வருத்தம் தருவது. நேப்பிள்ஸில் நடந்த அரையிறுதியில் இத்தாலிக்கு எதிராகச் சமன் செய்த கோலைத் தலையால் போட்டவரே அவர்தான். அதே ஆட்டத்தில் தேவையில்லாமல் பந்தைக் கையால் தொட்டு, அந்தத் தொடரில் தன் இரண்டாவது மஞ்சள் அட்டையையும் வாங்கிக்கொண்டார். அணியில் வேகமாக ஓடக்கூடிய ஒரே முன்கள வீரர் இல்லாமல், கணுக்கால் வீங்கிய மரடோனா யாருக்குப் பந்தைக் கொடுப்பது? கைடோ புக்வால்ட் அவரை நிழலாகத் தொடர்ந்துகொண்டேயிருந்தார். கால் இறுதிக்குப் பிறகு ஒற்றை மஞ்சள் அட்டைகளை அழித்துவிடும் வழக்கம் 2010இல்தான் வந்தது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் கனிஜியா ரோமில் ஆடியிருப்பார். 2002 இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் பல்லாக்கும் ஆடியிருப்பார்.

நேப்பிள்ஸில் இத்தாலியை வெளியேற்றியவர்கள் என்பதால் ரோம் ரசிகர்கள் அர்ஜென்டினாவின் தேசிய கீதத்தின்போதே சீழ்க்கை அடித்தார்கள். கேமரா முகத்தருகே வந்தபோது மரடோனா அவர்களைத் திட்டியதை உதட்டசைவிலேயே படிக்க முடிந்தது. இடைவேளைக்குப் பின் மாற்று ஆட்டக்காரராக வந்த பெட்ரோ மோன்சோன், க்ளின்ஸ்மன்னைக் காலை வாரிவிட்டு 65ஆவது நிமிடத்தில் வெளியேற்றப்பட்டார். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் ஆட்டக்காரர் அவர். கடைசி நிமிடங்களில் டெஸோட்டியும் போனார்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே கணம் 85ஆவது நிமிடம். ஃபோலரை சென்சினி பெட்டிக்குள் வீழ்த்தியதாகச் சொல்லி நடுவர் கோடெசால் பெனால்டி கொடுத்தார். வழக்கமாகப் பெனால்டி எடுக்கும் கேப்டன் மத்தேயஸின் பூட்ஸ் முதல் பாதியில் உடைந்துபோய், வேறொன்றை மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். புது பூட்ஸில் நம்பிக்கையில்லை என்று விலகிக்கொண்டார். அந்தப் பொறுப்பு ஆந்திரேயாஸ் பிரேமேயிடம் வந்தது. இரண்டு காலிலும் ஒரே தரத்தில் உதைக்கக்கூடிய அபூர்வமான ஆட்டக்காரர் அவர். 1986இல் மெக்ஸிகோவுக்கு எதிரான ஷூட் அவுட்டில் இடக்காலால் உதைத்தவர், ரோமில் வலக்காலைத் தேர்ந்தெடுத்தார். எதிரே நின்றவர் கோய்கோசேயா. அவரும் ஒருவர் இல்லாததால் உள்ளே வந்தவர்தான்: முதல் கோல்கீப்பர் பும்பிடோவின் கால் முறிந்ததால் வாய்ப்புப் பெற்று, கால் இறுதியிலும் அரையிறுதியிலும் பெனால்டிகளைத் தடுத்து அணியை ரோம் வரை கொண்டு வந்தவர். பிரேமே உதைக்கும் பக்கத்தைச் சரியாகவே ஊகித்து வலப்புறம் பாய்ந்தார். பந்து கம்பத்தை உரசாத குறையாக, விரல் நுனிக்கு எட்டாமல் மூலையில் நுழைந்தது. அதைவிடச் சரியாக இருவருமே செய்திருக்க முடியாது.

மேற்கு ஜெர்மனி என்ற பெயரில் ஆடிய கடைசி உலகக் கோப்பை அது. அடுத்த அக்டோபரில் நாடுகள் இணைந்துவிட்டன. ஆட்டம் முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்க, பயிற்சியாளர் பெக்கன்பவர் கழுத்தில் பதக்கத்தோடு புல்வெளியில் தனியாக நடந்துகொண்டிருந்தார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் கோப்பை வென்ற இரண்டாமவர் அவர்; முதலாமவர் பிரேசிலின் ஸகாலோ. ஸகாலோவும் பெக்கன்பவரும் 2024 ஜனவரியில் இரண்டே நாள் இடைவெளியில் காலமானார்கள், அடுத்த மாதம் பிரேமேயும் போய்விட்டார். 115 கோல்களோடு முடிந்த அந்தத் தொடரின் சராசரி ஆட்டத்துக்கு 2.21, உலகக் கோப்பை வரலாற்றிலேயே அதுதான் மிகக் குறைவு. சகவீரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் பிடிக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்ததற்கு இத்தாலியில் பார்த்த சலிப்பும் ஒரு காரணம்.

1998இல் ஜெர்மனி இல்லை. நான்கு நாள் முன்பு லியோனில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்த குரோவேஷியாவே அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிரே நின்றது. இடைவேளை முடிந்த கையோடு ஷூக்கர் ஒரு கோல் போட்டார். ஆஃப்சைடு ஆகாமல் அவரைக் காப்பாற்றியது பின்னால் தங்கிவிட்ட லிலியான் துராமின் நிலைதான். அடுத்த நிமிடமே துராம் போபானிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னேறி, தானே சமன் செய்தார். 70ஆவது நிமிடம் நெருங்குகையில் இடக்காலால் இன்னொன்று. பிறகு முழங்காலிட்டு, விரலை உதட்டில் வைத்து, இது எப்படி நடந்தது என்று யோசிப்பவர்போல் அமர்ந்தார். யோசிக்கத்தான் வேண்டும்: பிரான்ஸுக்காக 142 ஆட்டங்கள் ஆடிய அவர் போட்ட கோல்கள் மொத்தமே அந்த இரண்டுதான். அதே ஆட்டத்தில் லோரான் பிளாங்க்கின் கை முகவாயில் பட்டதற்கு, பிலிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழ, பிளாங்க்குக்குச் சிவப்பு அட்டை. சொந்த நாட்டில் நடந்த இறுதி ஆட்டத்தை அவர் வெளியிலிருந்துதான் பார்த்தார். அவருடைய இடத்தில் ஆடிய லெபோஃப் பிரேசிலின் ரொனால்டோவைச் சமாளித்துக்கொண்டார் என்பது பிரான்ஸின் அதிர்ஷ்டம்.

2006இல் ஸ்டுட்கார்டில் நடந்தது மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஷ்வைன்ஷ்டைகரின் இரண்டு கோல்களோடு ஜெர்மனி போர்ச்சுகலை மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. தொடர் முழுவதும் லேமனுக்கு வழிவிட்டு வெளியே அமர்ந்திருந்த ஆலிவர் கானுக்கு அந்த ஒரு நாள் கோல் கம்பங்களுக்கு நடுவே இடம் கொடுத்தார்கள். அதுவே தேசிய அணிக்காக அவரது கடைசி ஆட்டம்.

பிறகு 2014, பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரில், மினெய்ராவ் அரங்கில், பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் இடையே அரையிறுதி. நம் நேரப்படி அது ஜூலை 9, அதிகாலை ஒன்றரை மணி. அலாரம் வைத்து எழுந்தவர்களில் நானும் ஒருவன். தேசிய கீதத்தின்போது டேவிட் லூயிஸும் ஜூலியோ சீசரும் நெய்மாரின் பத்தாம் எண் சட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. நான்கு நாள் முன்பு கொலம்பியாவின் ஸுனிகா முதுகில் முழங்காலால் இடித்ததில் நெய்மாரின் முதுகெலும்பு ஒன்றில் முறிவு ஏற்பட்டிருந்தது. வலி மிகுந்த விஷயம்தான். ஆனால் அரையிறுதி ஆட வந்த அணி இறுதிச் சடங்குக்கு வந்த வீட்டாரைப்போல் நின்றால் எப்படி?

அந்தச் சட்டையின் ஆரவாரத்தில் எல்லாரும் மறந்த பெயர் கேப்டன் தியாகோ சில்வா. கால் இறுதியில் கொலம்பிய கோல்கீப்பர் ஒஸ்பினா பந்தை உதைக்கும்போது குறுக்கே போய் நின்று, துளியும் அவசியமில்லாத மஞ்சள் அட்டையை வாங்கி, அரையிறுதியில் ஆடும் வாய்ப்பை இழந்தார். முறையீடும் எடுபடவில்லை. கனிஜியாவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய புதிய விதிகூட இவரைக் காப்பாற்றவில்லை. காரணம், இவர் அட்டை வாங்கியது அரையிறுதியில் அல்ல, கால் இறுதியில். நெய்மார் இருந்திருந்தால் பிரேசில் இரண்டு கோல் கூடுதலாகப் போட்டிருக்கலாம். சில்வா இருந்திருந்தால், ஐந்து கோல் வாங்கியிருக்காது என்று நான் நினைக்கிறேன். தற்காப்பில் ஒழுங்கைக் காத்துவந்தவர் அவர்தான்; அவர் இல்லாத அன்று டேவிட் லூயிஸ் தன் இடத்தை விட்டுவிட்டு மைதானமெங்கும் அலைந்தார்.

11ஆவது நிமிடத்தில் க்ரூஸ் எடுத்த கார்னரை, காவலே இல்லாமல் நின்ற முல்லர் உள்ளே தட்டினார். 23ஆவது நிமிடத்தில் க்ளோஸ. முதல் உதை தடுக்கப்பட்டுத் திரும்பி வர, மறுபடி உதைத்து உள்ளே அனுப்பினார். உலகக் கோப்பைகளில் அவருடைய 16ஆவது கோல் அது. 15 கோல்களோடு சாதனையை வைத்திருந்த ரொனால்டோ அதே அரங்கில் வர்ணனையாளராக அமர்ந்து அதைப் பார்த்தார். 24இல் க்ரூஸ். 26இல் மீண்டும் க்ரூஸ், இம்முறை ஃபெர்னாண்டினோவின் காலிலிருந்தே பந்தைப் பறித்துக்கொண்டு. 29இல் கெதிரா. நான்காவது கோல் வந்தபோது, மூன்றாவதைத்தான் மறுபடி காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்துக்குள் ஐந்துக்குப் பூஜ்யம். மீசை வைத்த ஒரு முதியவர் கோப்பையின் மாதிரியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த காட்சி உலகெங்கும் போனது.

இடைவேளையில் எதிரணியைக் கேலிசெய்யும்படி ஆடக் கூடாது என்று ஜெர்மானியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதாக ஹும்மல்ஸ் பிறகு சொன்னார். ஆனாலும் மாற்று ஆட்டக்காரர் ஷுர்லே இரண்டு கோல் போட்டார். இரண்டாவது குறுக்குக் கம்பத்தின் அடிப்பகுதியில் பட்டு உள்ளே விழுந்தபோது பிரேசில் ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். கடைசி நிமிடத்தில் ஆஸ்கார் ஒன்று போட, ஏழுக்கு ஒன்று. சொந்த மண்ணில், நட்பு ஆட்டங்கள் நீங்கலாக, பிரேசில் தோற்காமல் வைத்திருந்த 62 ஆட்டங்களின் வரிசை முடிந்தது. அந்த வரிசைக்கு முந்தைய தோல்வி 1975இல் பெருவிடம். அதுவும் இதே மினெய்ராவ் அரங்கில்.

மறுபடி பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: 1990ஐ 80ஆவது நிமிடத்திலிருந்து பார்த்தால் போதும். 2014ஐ 20ஆவது நிமிடத்திலிருந்து இடைவேளை வரை பாருங்கள். செவிலை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை, இரண்டரை மணி நேரம் ஒதுக்கி, ஓட்டிவிடாமல் பாருங்கள். ஜிரேஸ் கோல் போட்டபின் பிரான்ஸ் எப்படி ஆடியது என்பதைத் தொகுப்புக் காட்சிகளில் யாரும் காட்டுவதில்லை.